நாய்க்குட்டி தத்தெடுப்பு முகாம்: பெண் குட்டிக்கும் வீடு கிடைக்க வேண்டுமென்றால்

கேள்வி இது: "சென்னையில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விலங்குகள் காப்பகம் இருக்கிறது. மார்கழி, தை வந்தால் அங்கே நாய்க்குட்டிகளுக்கு இடமே போதுவதில்லை. குடியிருப்போர் சங்கத்தின் சார்பில் ஒரு தத்தெடுப்பு முகாம் நடத்தித் தரலாமா என்று யோசிக்கிறோம். இப்படி ஒரு நாள் நிகழ்ச்சி வைத்தால் உண்மையிலேயே குட்டிகளுக்கு வீடு கிடைக்குமா? கிடைக்கும் என்றால் எப்படி நடத்துவது?"

கிடைக்கும். தயங்காமல் நடத்துங்கள். ஆனால் முகாமை எதை வைத்து அளக்கப் போகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். அன்றைக்கு எத்தனை குட்டிகள் போயின என்ற கணக்கு எளிது. ஆண் குட்டிகள், அதிலும் பழுப்பும் வெள்ளையும் கலந்து கொழுகொழுவென்று இருப்பவை, நீங்கள் ஒன்றுமே செய்யாவிட்டாலும் போய்விடும். கடைசியில் கூண்டில் மிஞ்சுவது பெண் குட்டிகளும் கறுப்புக் குட்டிகளும்தான். அவற்றுக்கும் வீடு கிடைத்ததா, போன குட்டிகள் ஆறு மாதம் கழித்தும் அதே வீட்டில் இருக்கின்றனவா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் சொல்லும்படி முகாமைத் திட்டமிட வேண்டும். கீழே நான் சொல்வதெல்லாம் அந்த இரண்டைச் சுற்றித்தான்.

முகாம் ஏன் தேவை என்பதைச் சங்கத்துக் கூட்டத்தில் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு ஒரு கணக்கு உதவும். கொல்கத்தாவிலுள்ள ஐசர் கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மேற்கு வங்கத்தில் 95 ஈற்றுகளில் பிறந்த 364 தெருநாய்க் குட்டிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். வளர்ந்து இனப்பெருக்க வயதை எட்டியவை 19 சதவீதம்தான். இறந்தவற்றில் 63 சதவீதத்தின் சாவுக்கு ஏதோ ஒரு வகையில் மனிதர்கள் காரணம். வண்டியில் அடிபடுவது, அடித்துக் கொல்வது, விஷம், தாயிடமிருந்து எடுத்துப்போய் வளர்க்கத் தெரியாமல் சாகவிடுவது எல்லாம் அதில் அடக்கம். கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். ஆசைப்பட்டு எடுத்துப்போனவர்கள் கையிலும் குட்டிகள் சாகின்றன. வெறுமனே 'யாராவது எடுத்துப் போனால் சரி' என்று முகாம் நடத்தக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

இன்னொரு பக்கம், காலமும் குறைவு. நாய்க்குட்டி மனிதர்களோடு, குழந்தைகளோடு, வீட்டுச் சத்தங்களோடு பழகிக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய 3 வாரத்தில் தொடங்கி 14 வாரத்துக்குள் முடிந்துவிடுகிறது. 8 வாரத்துக்கு முன்னால் தாயை விட்டும் உடன்பிறந்த குட்டிகளை விட்டும் பிரிக்கக் கூடாது. நாய் வளர்ப்பு, விற்பனை தொடர்பான 2017-ஆம் ஆண்டின் மத்திய அரசு விதிகளும் 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கத் தடை போட்டிருக்கின்றன. இனாமாகத் தருவதற்கும் அதே வயதுதான் நியாயம். ஆக, ஒரு குட்டிக்கு நல்ல வீடு தேட உங்களிடம் இருப்பது சில வாரங்கள். காப்பகங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே இருக்கும். அங்கே ஒரே குரைப்புச் சத்தம், அடிபட்ட நாய்கள், மருந்து வாடை. குழந்தையைக் கூட்டிக்கொண்டு போகப் பலருக்கு மனம் வராது. அவர்கள் இருக்கும் இடத்துக்குக் குட்டிகளைக் கொண்டுவருவதுதான் முகாம் செய்கிற வேலை.

இனி, நான் எல்லாவற்றுக்கும் மேலாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். பார்வோ.

பார்வோ வைரஸ் குட்டிகளுக்கு எமன். இரத்தமும் நாற்றமுமாகப் பேதியாகும், வாந்தி நிற்காது, இரண்டு மூன்று நாளில் குட்டி துவண்டு போய்விடும். கிருமி உடம்புக்குள் போனதிலிருந்து நோய் வெளியே தெரிய 3 முதல் 7 நாள், சில சமயம் 14 நாள் வரைகூட ஆகும். அதாவது ஞாயிற்றுக்கிழமை முகாமில் துள்ளி விளையாடிய குட்டி வியாழக்கிழமை புது வீட்டில் செத்துப்போகலாம். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதை மறக்கமாட்டார்கள். அந்தக் குடும்பம் இன்னொரு முறை தத்தெடுக்கவும் வராது. நாலைந்து இடங்களிலிருந்து மீட்ட குட்டிகளை ஒரே கூண்டில் கொட்டி வைக்கும் முகாம், நோயைப் பல வீடுகளுக்குப் பிரித்து அனுப்பும் முகாம்தான்.

எனவே முகாமில் வைக்கப்போகும் ஒவ்வொரு குட்டியும் குறைந்தது 14 நாள் ஒரே இடத்தில், வேறு குட்டிகளோடு கலக்காமல் இருந்திருக்க வேண்டும். 6 வாரத்தில் முதல் கூட்டுத் தடுப்பூசி (பார்வோ உள்ளிட்ட பல நோய்களுக்குச் சேர்த்துப் போடுவது) போட்டு, மூன்று நான்கு வாரத்தில் அடுத்த தவணை. 16 வாரம் வரை இப்படித் தொடர வேண்டும், ஏனென்றால் தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும்வரை தடுப்பூசி சரியாகப் பிடிக்காமல் போகலாம். ஒரே ஒரு ஊசி போட்டுவிட்டு 'வேக்சினேஷன் முடிஞ்சுது' என்று எழுதி ஒட்டுவது தத்தெடுப்பவரை ஏமாற்றுவதாகும். குடற்புழு மருந்து 2 வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. ரேபிஸ் தடுப்பூசி 3 மாதத்தில் போடுவது. 8 வாரக் குட்டியை வாங்கிப் போகிறவருக்கு அது இன்னும் போடப்படவில்லை என்பதையும் எந்தத் தேதியில் போட வேண்டும் என்பதையும் அட்டையில் எழுதி, வாயாலும் சொல்லி அனுப்புங்கள்.

முகாம் இடத்தில் ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுக்கு ஒரு தடுப்பு, அதாவது சுற்றிலும் அடைத்த ஒரு தனி இடம். அந்தத் தடுப்புக்கென்று தனி விரிப்பு, தனித் தண்ணீர்க் கிண்ணம், தனி ஆள். வருகிற பிள்ளைகள் ஒரு தடுப்பில் கொஞ்சிவிட்டு நேராக அடுத்ததற்கு ஓடுவார்கள். நடுவே சோப்புப் போட்டுக் கை கழுவ வையுங்கள். எல்லாரும் மேசையில் சானிட்டைசர் பாட்டிலை வைத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஆல்கஹாலுக்குப் பார்வோ அசையாது. பினாயிலையும் நம்ப வேண்டாம். தரையைத் துடைக்க, வீட்டில் பயன்படுத்தும் ப்ளீச் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு கலந்து, பத்து நிமிடமாவது ஊறவிட்டுக் கழுவ வேண்டும். மண்தரையில், புல்தரையில் குட்டிகளை இறக்கவே இறக்காதீர்கள். மண்ணில் இந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், முந்தின மாதம் அங்கே எந்த நாய் வந்து போனது என்று யாருக்கும் தெரியாது. பூங்காவைவிட உங்கள் குடியிருப்பின் கம்யூனிட்டி ஹால் நல்லது என்று நான் சொல்வது இதனால்தான். வருகிறவர்கள் தங்கள் வளர்ப்பு நாயைக் கூட்டிவர வேண்டாம் என்பதையும் அறிவிப்பிலேயே போட்டுவிடுங்கள்.

நேரம் காலை 7-லிருந்து 10 வரை போதும். நம்மூர் வெயிலில் அதற்கு மேல் குட்டிகள் சுருண்டு படுத்துவிடும். மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆள் மாற்றி ஆள் தூக்கினாலும் அவற்றுக்குத் தாங்காது. தீபாவளியை ஒட்டிய வாரங்களில் வேண்டாம், வெடிச்சத்தத்தில் புது வீட்டிலிருந்து குட்டி ஓடிப்போகும். தை மாதக் கடைசி, மாசி நல்ல காலம். மார்கழியில் பிறந்தவை 8 வாரத்தைத் தொட்டிருக்கும்.

இப்போது மனிதர்கள். அமெரிக்காவில் ஃப்ளோரிடாவில் ஒரு காப்பகத்தில் தத்தெடுக்க வந்தவர்களைக் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு நாயோடு வந்தவர்கள் செலவிட்ட நேரம் சராசரியாக 8 நிமிடம். அந்த எட்டு நிமிடத்தில் நாய் செய்கிற எத்தனையோ காரியங்களில் இரண்டுதான் முடிவைத் தீர்மானித்தன. பக்கத்தில் வந்து படுத்த நாய் தத்துப் போனது. விளையாடக் கூப்பிட்டும் கண்டுகொள்ளாத நாய் போகவில்லை. நம் முகாம்களிலும் இதைக் கண்ணால் பார்க்கலாம். தடுப்பைச் சுற்றி இருபது பேர் குனிந்து நின்றால், கூச்சமுள்ள குட்டி மூலையில் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ளும். 'இது டல்லா இருக்கே, உடம்பு சரியில்லையா?' என்பார்கள். அதே குட்டியை ஓரமாக ஒரு பாயில், அந்தக் குடும்பத்தோடு மட்டும் உட்கார வைத்துப் பாருங்கள், ஐந்தாம் நிமிடம் யாராவது ஒருவர் மடியில் ஏறியிருக்கும். கூட்டத்துக்குள் ஒன்று, அமைதியாக உட்கார ஒன்று என இரண்டு இடங்கள் ஏற்பாடு செய்யுங்கள். முகாமின் வெற்றி தோல்வி அந்த இரண்டாவது பாயில்தான் இருக்கிறது.

ஒரு முகாமில் நான் கண்டது: அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், பாட்டி. பிள்ளைகள் இரண்டும் ஒரே ஒரு துறுதுறு ஆண் குட்டியைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பாட்டி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. கழற்றிப் போட்ட அவர் செருப்பின் மேல் ஒரு கறுப்புப் பெண் குட்டி தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. எங்கள் தன்னார்வலர் ஒருவர் போய், "பாட்டி, பகல்ல வீட்டுல யாரு இருப்பீங்க?" என்று கேட்டார். "நான்தாம்மா இருப்பேன். இவங்க எல்லாம் எட்டு மணிக்குப் போயிடுவாங்க" என்றார். "அப்ப உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?" செருப்பைக் காட்டினார். வீட்டுக்குப் போனது அந்தக் கறுப்புக் குட்டி. பகல் முழுக்கக் குட்டியோடு இருக்கப்போவது யாரோ அவரோடுதான் முதலில் பேச வேண்டும். பெரும்பாலும் அவர் கடைசி வரிசையில்தான் நிற்பார்.

பெண் குட்டி விஷயத்தில் நீங்கள் கேட்கப்போகும் வசனத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன்: "பெண் குட்டியா? வேணாம் மேடம், ஆண் இருந்தா சொல்லுங்க." இப்படிச் சொல்கிறவர்கள் மேல் கோபப்படாதீர்கள். அவர்களுக்கு மூன்று பயம். மாதவிலக்கு மாதிரி இரத்தம் படும், வாசலில் தெருநாய்கள் வந்து நிற்கும், குட்டி போட்டால் அவற்றை என்ன செய்வது. மூன்றுமே நியாயமான பயங்கள்தான். மூன்றுக்கும் பதில் ஒன்றே ஒன்று, கருத்தடை அறுவை சிகிச்சை. ஆறு மாத வாக்கில் அதைச் செய்துவிட்டால் இந்த மூன்றும் இல்லை. கருப்பையில் சீழ் பிடிக்கும் நோயும் வராது, முதல் பருவத்துக்கு முன்பே செய்தால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். பெண் நாய் காவல் காக்காது என்பது சும்மா பேச்சு. தெருவில் பெண் நாய் தன் குட்டிகள் இருக்கும் இடத்தை எப்படிக் காக்கிறது என்று பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

'கருத்தடை செய்துகொள்ளுங்கள்' என்று அறிவுரை சொல்லி அனுப்புவதில் பயனில்லை. எங்கே, எந்த மாதம், யார் செலவில் என்பதைக் குட்டியோடு சேர்த்துக் கையில் கொடுக்க வேண்டும். உங்கள் சங்கம் பணம் செலவழிக்க நினைத்தால், பந்தலுக்கும் பேனருக்கும் டீ-ஷர்ட்டுக்கும் போடாதீர்கள். பெண் குட்டிகளின் அறுவை சிகிச்சைக்கு முன்பணமாகக் கால்நடை மருத்துவரிடம் கட்டிவிடுங்கள். 'இந்தக் குட்டிக்கு ஆபரேஷன் செலவு ஏற்கெனவே கட்டியாச்சு' என்று தடுப்பில் ஒரு அட்டை மாட்டினால் ஆண் குட்டி கேட்டு வந்தவர்களில் சிலர் அங்கேயே நின்று யோசிப்பார்கள். இன்னொரு யோசனை: ஆண் பெண் என்று தனித்தனியாகப் பிரித்து வைக்க வேண்டாம். கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், கேட்காதபோது குணத்தைச் சொல்லுங்கள். 'இது யார் கூப்பிட்டாலும் வரும்', 'இதுக்கு மடி வேணும்', 'இது கொஞ்சம் கூச்சம், பெரியவங்க மட்டும் இருக்கிற வீட்டுக்கு ஏத்தது' என்று. அந்தக் குணத்தை அறிய, முகாமுக்கு முன்னால் குட்டிகள் சில நாளாவது தன்னார்வலர் வீட்டில் இருந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 51 காப்பகங்களில் நடந்த ஓர் ஆய்வில், சில நாள் ஒரு வீட்டில் தங்கிவந்த நாய்கள் தத்துப் போகும் வாய்ப்பு 14 மடங்குக்கு மேல் கூடியது. சில மணி நேரம் வெளியே அழைத்துப்போன நாய்களுக்கே 5 மடங்கு. உங்கள் குடியிருப்பில் எத்தனை வீடுகள் ஒரு வாரம் ஒரு குட்டியை வைத்துக்கொள்ளும் என்று கேட்டுப் பாருங்கள். ஒருநாள் முகாமுக்கு நாற்காலி அடுக்குவதைவிட அது பெரிய உதவி.

அன்றே குட்டியைக் கையில் கொடுத்தனுப்பாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. இதில் எனக்கு மாற்றுக்கருத்து உள்ள நண்பர்கள் உண்டு. 'சூட்டோடு சூடாகக் கொடுக்காவிட்டால் மனம் மாறிவிடுவார்கள்' என்பது அவர்கள் வாதம். மனம் மாறுகிறவர்கள் மறுநாளே மாறட்டும், குட்டி நம்மிடமே பத்திரமாக இருக்கும். முகாமில் பார்த்து, பேசி, படிவம் நிரப்பி, அடுத்த இரண்டு மூன்று நாளில் தன்னார்வலர் ஒருவர் குட்டியோடு அவர்கள் வீட்டுக்கே போய்க் கொடுத்துவிட்டு வருவது நல்லது. வீட்டைப் பார்த்தால் படிவத்தில் எழுதாதது தெரியும். மொட்டை மாடியில் ஏற்கெனவே ஒரு சங்கிலி கட்டியிருக்கும், பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே குட்டி நுழையும் அளவு இடைவெளி இருக்கும், 'ஊர்ல தோட்டத்துக்குக் காவலுக்குத்தான்' என்று அப்போதுதான் வாய் திறப்பார்கள்.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரின் சம்மதத்தைப் போனிலாவது நேரடியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிகள் திரும்பி வரும் காரணங்களில் இது முன்வரிசையில் நிற்கும் காரணம். சொந்த வீடு என்றால், குடியிருப்பில் வளர்ப்பு நாய்க்குத் தடை போட சங்கத்துக்கு அதிகாரம் இல்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. அந்த வாரியமே 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1962-ல் ருக்மிணி தேவி அருண்டேலின் தலைமையில் இந்தச் சென்னையில்தான் தொடங்கியது. நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு மரபு இருக்கிறது என்பதை சங்கத்துக் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லலாம். சென்னை மாநகராட்சியின் செல்லப்பிராணி உரிமம் கட்டாயம். 2025-ல் மைக்ரோசிப்போடு சேர்த்து அதைக் கண்டிப்பாக்கியிருக்கிறார்கள். உரிமத்துக்கு விண்ணப்பிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையை முகாம் மேசையில் உட்கார வைத்தால் பலருக்கும் உதவும். தெருநாய்கள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 22-ஆம் தேதி தந்த உத்தரவில், தெருநாயைத் தத்தெடுப்பவர் அது மறுபடி தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொன்னதையும் படிவத்தில் ஒரு வரியாகச் சேருங்கள். வேண்டாம் என்று ஆகிவிட்டால் தெருவில் விடாமல் எங்களிடம் திருப்பிக் கொடுங்கள், ஏன் எதற்கு என்று கேட்கமாட்டோம் என்பதையும் அதற்குக் கீழேயே எழுதுங்கள். கேள்வி கேட்பார்கள், திட்டுவார்கள் என்று பயந்துதான் சிலர் இரவோடு இரவாகக் குட்டியை எங்கேயோ விட்டுவிட்டு 'ஓடிப்போச்சு' என்கிறார்கள்.

கொடுத்த பிறகான முதல் மூன்று இரவுகள் முக்கியம். உடன்பிறப்புகளைக் காணாமல் குட்டி இரவெல்லாம் அழும். பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். மூன்றாம் நாள் காலை உங்களுக்குப் போன் வரும். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாதிப் போன்கள் வராது. அட்டைப்பெட்டியில் பழைய புடவை போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பசும்பால் ஊற்ற வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். நம் வீடுகளில் நாய்க்குட்டி என்றாலே கிண்ணத்தில் பால்தான். அதனால் வயிற்றுப்போக்கு வந்து, பார்வோவோ என்று பதறி, பாதி ராத்திரியில் மருத்துவமனைக்கு ஓடுவார்கள். குழைவாக வேகவைத்த சோறும் கோழியும், கொஞ்சம் கொஞ்சமாக நாளுக்கு நாலு வேளை போதும். இரண்டாம் நாள், பத்தாம் நாள், ஒரு மாதம், கருத்தடைக்கான ஆறாவது மாதம் என்று அழைக்க வேண்டிய தேதிகளை ஒரே ஆளின் பொறுப்பில் விடுங்கள். எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் அழைக்கமாட்டார்கள்.

பணம் வாங்கலாமா என்று சங்கத்தில் ஒருவராவது கேட்பார். இனாமாகக் கிடைத்தால் மதிப்பு இருக்காது என்ற எண்ணம் பலருக்கும் உண்டு. அமெரிக்காவில் 'எம்ப்டி தி ஷெல்டர்ஸ்' என்ற பெயரில் 2016 முதல் தத்தெடுப்புக் கட்டணத்தைக் குறைத்தே பெரிய அளவில் முகாம்கள் நடத்துகிறார்கள். பூனைகளை வைத்து அங்கே நடந்த ஓர் ஆய்வில், இலவசமாகத் தத்தெடுத்தவர்களின் பாசம் காசு கொடுத்தவர்களின் பாசத்துக்குக் குறைந்ததாக இல்லை. என் யோசனை, கட்டணம் வேண்டாம். கருத்தடை செய்தபின் திருப்பித் தரும் முன்வைப்புத் தொகை வாங்குங்கள். ஆறு மாதம் கழித்து அவர்களே உங்களைத் தேடி வருவார்கள்.

முகாம் முடிந்ததும் போகாத குட்டிகளை அப்படியே காப்பகக் கூண்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். ஒரு வாரம் வைத்திருந்த வீடுகளையே இன்னும் இரண்டு வாரம் கேளுங்கள். முகாமுக்கு வந்து, பார்த்து, முடிவெடுக்காமல் போனவர்களின் எண்களை வாங்கி வைத்திருந்தால் இப்போது கூப்பிடுங்கள். அன்று 'வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்' என்று போனவர்களில் சிலர் உண்மையிலேயே வீட்டில் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

கடைசியாக, இந்தக் குட்டிகளின் தாய்களை மறந்துவிடாதீர்கள். 1959-ல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய சென்னை ப்ளூ கிராஸ், நாய்களைப் பிடித்துக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1964-லேயே முன்வைத்தது. மாநகராட்சி அதை ஏற்க 1996 ஆகிவிட்டது. இன்று மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டு விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் செய்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டியது உள்ளாட்சியின் பொறுப்பு. குட்டிகள் பால் மறந்ததும் அவற்றின் தாய் எந்தத் தெருவில் இருக்கிறது என்று காப்பகத்தில் கேட்டு எழுதிக்கொண்டு, மாநகராட்சியின் 1913-க்கு அழைத்துப் பதிவு செய்யுங்கள். பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு, வண்டி வருகிறவரை வாரம் ஒருமுறை அழையுங்கள். நாய்க்குச் சோறு வைக்கிற ஆள் யாரென்று தெரிந்து அவரையும் அன்றைக்கு அங்கே நிற்கச் சொல்லுங்கள். அவர் கைக்குத்தான் அது வரும்.